முகூர்த்த நேரத்தில் வட்டம் சுற்றாமல் இருக்க

எரியோடு, வேடசந்தூர், வடமதுரைப் பக்கம் ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த கதைதான். கல்யாண ஆர்டர் பேச வருகிற வீட்டார் ஆல்பம் எத்தனை தாள், ட்ரோன் உண்டா என்று கேட்பதற்கு முன்பே, "லைவ் போட்ருவீங்கள்ல தம்பி?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். மாமன் திருப்பூரில், அத்தை மகன் சிங்கப்பூரில், சித்தப்பா துபாயில். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் தொற்றிய பழக்கம். ஊரடங்கு போய்விட்டது, லைவ் போகவில்லை.

யூடியூபில் போட்டால் போதாதா? பெரும்பாலும் போதும். பார்ப்பவர்கள் நாற்பது ஐம்பது பேர், சினிமாப் பாட்டு கிடையாது, வீட்டாருக்கும் ஆட்சேபணை இல்லை என்றால் பட்டியலில் வராத இணைப்பாக யூடியூபிலேயே போட்டுவிட்டு, இந்த அத்தியாயத்தில் ஒலி, மேலேற்றம் பற்றிய பகுதிகளை மட்டும் படித்தால் போதும். சேனல் புதிது என்றால் லைவ் வசதி திறக்க 24 மணி நேரம் வரை ஆகும். செல்போனிலிருந்தே நேரலை போக 50 சந்தாதாரர்கள் இருக்க வேண்டும். இதையெல்லாம் முதல் வாரமே முடித்து வைத்துக்கொள்ளலாம்.

முடித்து வைக்க முடியாதது பாட்டு. மண்டபத்தில் மைக் செட்காரர் இளையராஜா பாட்டைப் போட்டே தீருவார். யூடியூபின் பதிப்புரிமைக் கருவி அதை அடையாளம் கண்டுவிட்டால் உங்கள் படத்தை எடுத்துவிட்டு நிலைப்படம் ஒன்றை வைக்கலாம், அல்லது நேரலையையே நிறுத்திவிடலாம். மாலை மாற்றும் நேரமா, பந்தி நேரமா என்று அதற்குத் தெரியாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, சமயச் சடங்குகளிலும் கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டு ஒலிப்பதற்கு விலக்குத் தருகிறது. ஆனால் அது மண்டபத்தில் ஒலிப்பதைப் பற்றிய விலக்கு. இணையத்தில் அனுப்புவதற்கும் அதுவே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். சொந்த சர்வர் என்பதும் உரிமம் ஆகிவிடாது. சினிமாப் பாட்டு வரும்போது உங்கள் பக்கத்து ஒலியை இறக்கி, நாதஸ்வரத்துக்கு ஏற்றி, சொந்தக்காரர்களுக்கு மட்டும் கடவுச்சொல்லோடு இணைப்பைக் கொடுப்பதுதான் நேர்மையான வழி. அந்தக் கடவுச்சொல்லையும் கட்டுப்பாட்டையும் நம் கையில் வைத்துக்கொள்ளத்தான் சொந்த சர்வர். வளைகாப்பு, சடங்கு போன்ற வீட்டு விசேஷங்களை ஊருக்கே திறந்துவைக்க விரும்பாத குடும்பங்கள் நிறைய. அவர்களுக்கும் இதுவே பொருந்தும்.

சர்வரை எங்கே வைப்பது

ஸ்டுடியோ மேசைக்கு அடியில் கிடக்கும் பழைய கணினியை சர்வர் ஆக்கலாமே என்று எல்லோருக்கும் தோன்றும். வேண்டாம். செல்போன் சிம்மிலும் பல கேபிள்காரர் இணைப்பிலும் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி கிடைப்பதில்லை. பல வாடிக்கையாளர்கள் ஒரே முகவரிக்குப் பின்னால் இருப்பார்கள். வெளியிலிருந்து யாரும் உங்கள் கணினியின் கதவைத் தட்ட முடியாது. காசு கட்டி நிலையான ஐபி வாங்கினாலும் அடுத்த சிக்கல் அலைவரிசை.

கொடைக்கானல் மலை உச்சியிலிருந்து வரும் கோடை பண்பலை 100.5ஐ நம் சமவெளியில் ஒருவர் கேட்டாலும் ஒரு லட்சம் பேர் கேட்டாலும் டிரான்ஸ்மிட்டருக்கு ஒரே செலவுதான். இணையத்தில் அப்படிக் கிடையாது. பார்க்கிற ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி போகிறது. 720பி தரத்தில் நொடிக்கு 2,500 கிலோபிட் என்று வைத்தால், 200 பேர் பார்க்க நொடிக்கு 500 மெகாபிட் வெளியே போக வேண்டும். வீட்டு ஃபைபர் இணைப்பில் அது நடக்காது. மொத்த அளவையும் கணக்குப் போடுங்கள். அதே தரத்தில் மூன்று மணி நேரம் பார்க்கும் ஒருவருக்கு சுமார் 3.4 ஜிபி, 200 பேருக்கு 675 ஜிபி. மாதம் ஒரு டெராபைட் வரை இலவசம் என்று சொல்லும் வாடகை சர்வரில் இரண்டாவது கல்யாணத்திலேயே கூடுதல் கட்டணம் ஓட ஆரம்பித்துவிடும். 480பி, 1,000 கிலோபிட் போதும் என்று முடிவெடுத்தால் ஒருவருக்கு 1.35 ஜிபியில் முடிந்துவிடும். ஆறு அங்குலச் செல்போனில் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் தரத்தை முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே வாடகை சர்வர். சென்னை, பெங்களூரு, மும்பை என்று நம் நாட்டிலேயே தரவு மையம் உள்ள நிறுவனமாகப் பாருங்கள். இரண்டு மையக் கருக்கள், 4 ஜிபி ரேம் உள்ளது தொடக்கத்துக்குப் போதும். மணிக்கணக்கில் வாடகை வாங்குகிறவர்களும் உண்டு. விசேஷத்துக்கு முதல் நாள் எழுப்பி மறுநாள் கலைத்துவிடலாம். 2023 நவம்பர் 19 உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அதற்கெல்லாம் பல ஊர்களில் பிரதி வைத்துப் பரிமாறும் சிடிஎன் வலையமைப்பு வேண்டும். நம் கல்யாணத்துக்கு ஐநூறு பேரைத் தாண்டினால் அதைப் பற்றி யோசிக்கலாம்.

உள்ளே வருவது, வெளியே போவது

இரண்டுக்கும் பாதை வேறு. மண்டபத்திலிருந்து சர்வருக்குப் போவது ஆர்டிஎம்பி. மேக்ரோமீடியா நிறுவனம் ஃபிளாஷுக்காக உருவாக்கியது. ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31ஓடு ஆயுள் முடிந்து போனது, ஆர்டிஎம்பி மட்டும் மேலேற்றும் வேலையில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நேரலை அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ், கேமரா, ட்ரோன் எதைத் திறந்தாலும் இது இருக்கும். சர்வரிலிருந்து பார்ப்பவர்களுக்குப் போவது எச்எல்எஸ். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்தது. படத்தைச் சில நொடித் துண்டுகளாக வெட்டிக் கோப்புகளாக வைத்து, அந்தத் துண்டுகளின் பட்டியல் ஒன்றையும் ஓயாமல் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். பார்ப்பவரின் போன் பட்டியலைப் படித்துத் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும்.

துண்டு வெட்டிப் போவதால் தாமதம் தவிர்க்க முடியாது. சிங்கப்பூரில் இருப்பவர் லைவையும் பார்த்துக்கொண்டு மண்டபத்தில் இருக்கும் அக்காவோடு போனிலும் பேசினால், கெட்டிமேளம் போனில் முதலில் கேட்கும், பதினைந்து இருபது நொடி கழித்துத்தான் திரையில் தாலி ஏறும். இது கோளாறு இல்லை. வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் "லைவ் இல்லயே இது" என்று ஒரு சண்டை வரும்.

சர்வரில் உபுண்டுவை ஏற்றி, அதன் மேல் என்ஜின்எக்ஸ் என்ற வலை சர்வரையும் அதற்கான ஆர்டிஎம்பி கூறையும் நிறுவுங்கள். இரண்டும் உபுண்டுவின் தொகுப்புகளிலேயே கிடைக்கின்றன. மீடியாஎம்டிஎக்ஸ் என்று இன்னொன்று உண்டு. ஒரே கோப்பு, இறக்கி ஓட்டினால் வேலை செய்யும், விட்டு விட்டு வரும் நெட்டுக்கு ஏற்ற எஸ்ஆர்டி முறையும் தெரியும். ஆனால் வந்தபடியே விட்டால் யார் வேண்டுமானாலும் அதில் படம் ஏற்றலாம். அமைப்புக் கோப்பில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் போட்டபிறகுதான் இணையத்துக்குத் திறக்க வேண்டும். முதன்முறை செய்கிறவருக்கு என் சிபாரிசு என்ஜின்எக்ஸ்தான். பழைய மென்பொருள், அதன் குறைகள் எல்லோருக்கும் தெரிந்தவை, தேடினால் விடை கிடைக்கும்.

கட்டளைகளை மென்பொருளின் கையேட்டில் உள்ளபடியே அடியுங்கள். எந்த எண்ணை ஏன் மாற்றுகிறோம் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். தீச்சுவரில் 22, 80, 443, 1935 ஆகிய போர்ட்டுகளைத் திறக்க வேண்டும். மற்றவை மூடியே இருக்கட்டும். 1935 ஆர்டிஎம்பிக்கு. ஸ்ட்ரீம் கீ என்பது வெறும் பெயர்தான், பூட்டு இல்லை. அதனால் "லைவ்", "டெஸ்ட்" என்று வைக்காமல் யாரும் ஊகிக்க முடியாத நீளமான எழுத்துக் கோவையாக வையுங்கள். ஏற்றுவதற்கு அனுமதி கேட்கும் வசதியையும் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

எச்எல்எஸ் துண்டின் நீளம் என்ஜின்எக்ஸ் கூறில் 5 நொடியாகவும் பட்டியலின் நீளம் 30 நொடியாகவும் இருக்கும். துண்டை 4 நொடிக்கு இறக்கலாம். ஒரு நொடிக்கெல்லாம் இறக்கினால் தாமதம் குறையும், ஆனால் வலு குறைந்த நெட்டில் பார்ப்பவருக்கு வட்டம் சுற்றும். துண்டுகளை எழுதும் அடைவை ரேம் நினைவகத்தில் வைத்தால் வட்டுக்கு வேலை மிச்சம்.

தளத்துக்குப் பூட்டு அடையாளத்தோடு கூடிய முகவரி கட்டாயம். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசம், 90 நாளில் காலாவதி ஆகும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். பாதுகாப்பு என்று சொல்லி 80ஆம் போர்ட்டை மூடிவைத்தால் அந்தப் புதுப்பித்தல் நடக்காமல் போகலாம். ஆவணியில் அமைத்த சர்வர் தையில் 'பாதுகாப்பற்ற தளம்' என்று பயமுறுத்துவது இதனால்தான்.

மண்டபத்திலிருந்து மேலேற்றுவது

இந்த வேலையில் விழுகிற அடி முக்கால்வாசி இங்கேதான். சர்வர் சென்னையில் குளிரூட்டிய அறையில் சுகமாக இருக்கிறது. பாடுபடுவது எரியோடு மண்டபத்தின் தகரக் கூரைக்கு அடியில் இருக்கிற டாங்கிள்.

முதலில் டேட்டா. தினமும் 2 ஜிபி தருகிற சிம்மில் 2,500 கிலோபிட் படமும் 128 கிலோபிட் ஒலியும் அனுப்பினால் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் தீர்ந்து, வேகம் 64 கிலோபிட்டுக்கு விழுந்துவிடும். காலை ஆறு மணிக்கு லைவைத் தொடங்கினால் ஏழே முக்காலுக்கு நின்றுவிடும். முகூர்த்தம் ஏழரை ஒன்பது. கணக்கு எவ்வளவு கச்சிதமாக வந்து விழுகிறது பாருங்கள். தினசரி வரம்பு இல்லாத டேட்டாப் பொதி போட்ட சிம் வேண்டும், அதுவும் வேறு வேறு நிறுவனத்தின் இரண்டு சிம்கள்.

அடுத்தது வேகச் சோதனை. முதல் நாள் ராத்திரி மண்டபத்தில் சோதித்துவிட்டு, "15 எம்பி போகுது" என்று நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். அப்போது டவரில் கூட்டம் இல்லை. காலை எட்டு மணிக்கு எழுநூறு பேர் வந்து உட்கார்ந்து ஆளுக்கொரு ஸ்டேட்டஸ் ஏற்றும்போது அதே இடத்தில் மூன்று கூட வராது. அதே மண்டபத்தில் வேறொரு கல்யாணம் நடக்கும் காலையில் போய்ச் சோதித்துப் பார்ப்பதுதான் சரியான சோதனை. தவசிமடை, புகையிலைப்பட்டி ஜல்லிக்கட்டு போன்ற கூட்டத்தில் செல்போன் நெட்டை நம்பவே கூடாது, கம்பி வழி இணைப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அனுப்பும் அளவு, கூட்ட நேரத்தில் கிடைக்கும் வேகத்தில் பாதிக்குமேல் போகாமல் இருக்கட்டும். டாங்கிளை மேசையில் வைக்காமல் மொட்டை மாடியில் ரவுட்டர் வைத்து ஈதர்நெட் கம்பி இழுத்தால், தகரக் கூரை மண்டபத்தில் வித்தியாசம் உடனே தெரியும்.

கரண்டு. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த ஊர்களுக்கு என்று முதல் நாளே பேப்பரில் வரும். பாருங்கள். தடை இல்லாத நாளிலும் கரண்டு போகும், மண்டபத்தில் ஜெனரேட்டர் எடுக்கச் சில நொடிகள் ஆகும். விளக்குகள் உடனே எரிந்துவிடும், லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது, ரவுட்டர் மட்டும் அணைந்து மீண்டும் எழ இரண்டு நிமிடம் எடுக்கும். தாலி கட்ட ஒரு நிமிடம் போதும். ரவுட்டருக்கென்றே விற்கும் சின்ன யுபிஎஸ் ஒன்றை வாங்கிப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நேரலைக்காக வாங்கும் சாமான்களில் மலிவும் இதுதான், பயன் அதிகமானதும் இதுதான்.

ஓபிஎஸ்ஸில் மாற்ற வேண்டியவை சில உண்டு. கீஃபிரேம் இடைவெளி என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கும், தானாகப் பார்த்துக்கொள் என்று பொருள். அதை 2 நொடி என்று மாற்றுங்கள். எச்எல்எஸ் கீஃபிரேம் வரும் இடத்தில்தான் துண்டை வெட்ட முடியும். பூஜ்யமாக விட்டால் கீஃபிரேம் பத்து நொடிக்கு ஒருமுறை வரக்கூடும். சர்வரில் 4 நொடி என்று போட்டும் தாமதம் அரை நிமிடத்தைத் தாண்டுவது இதனால்தான். படக் குறியாக்கம் எச்.264 ஆகவே இருக்கட்டும். எச்.265 சிறியதுதான், ஆனால் பல போன்களின் பிரவுசரில் கறுப்புத் திரைதான் வரும். நொடிக்கு 25 சட்டகம், கேமரா ஷட்டர் ஐம்பதில் ஒன்று. நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ். 30 சட்டகமும் அறுபதில் ஒன்றும் வைத்தால் மணவறை சீரியல் லைட்டுகள் திரையில் பட்டை பட்டையாக ஓடும்.

வாடகை சர்வரிலேயே 720பி, 480பி என்று இரண்டு தரமாகப் பிரிக்க ஆசை வரும். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் செய்துதரும். ஓடும்போது அது காட்டும் வேக எண்ணைப் பாருங்கள். 1 என்று நின்றால் சரி. 0.8 என்று வந்தால் ஒரு நிமிடப் படத்தைச் செய்து முடிக்க 75 நொடி எடுக்கிறது என்று அர்த்தம், நேரம் ஆக ஆகப் பின்தங்கி நின்றுவிடும். இரண்டு மையக் கருக்கள் உள்ள சர்வரில் ஒரே தரமாக 480பி அனுப்புவது மேல்.

சத்தம்தான் முதல்

படம் இரண்டு நொடி உறைந்தால் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் போனால் போன் வந்துவிடும். ஆனாலும் நம் ஆட்கள் மூன்று கேமரா வைப்பார்கள், ஒலிக்கு அந்தக் கேமராவின் மைக்கையே நம்புவார்கள்.

மைக் செட்காரரிடமிருந்து ஒலி எடுக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. ஆம்பிளிஃபயரின் பின்புறம் குழாய் ஸ்பீக்கருக்குப் போகும் முனைகளில் 70 வோல்ட், 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். அதில் உங்கள் கம்பியைச் செருகினால் மிக்சரோ லேப்டாப்போ அந்த இடத்திலேயே செத்துவிடும். லைன் அவுட், பிரீஆம்ப் அவுட் என்று போட்டிருக்கும் துளையிலிருந்து மட்டும் எடுங்கள். அப்படி ஒன்று இல்லையென்றால் ஸ்பீக்கர் முன் தனி மைக் வைத்துக்கொள்வது உயிருக்கும் உபகரணத்துக்கும் நல்லது.

எடுத்ததும் "ம்ம்ம்" என்று அடியில் ஓர் உறுமல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் நின்றுவிட்டதா? கிரவுண்ட் லூப். மைக் செட்டுக்கும் உங்களுக்கும் நடுவே சின்ன ஐசொலேட்டர் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டால் தீர்ந்தது.

ஒலி அளவை மந்திரம் ஓதும்போது சரிபார்ப்பது வழக்கம். அதில்தான் ஏமாற்றம். கெட்டிமேளம் என்று கை காட்டியதும் தவிலும் நாதஸ்வரமும் ஒருசேர எழும்போது அளவு சிவப்பில் முட்டிக் கரகரவென்று உடைந்துவிடும். விடியற்காலையில் மேளக்காரரிடம், "அண்ணே, கெட்டிமேளம் மாதிரி அரை நிமிஷம் முழுசா வாசிங்க" என்று கேட்டு, அந்த உச்சத்தில் மீட்டர் மைனஸ் 6ஐத் தாண்டாதபடி வையுங்கள். ஓபிஎஸ்ஸில் லிமிட்டரும் போட்டுவிடுங்கள். மிக்சரிலிருந்து ஒரே கம்பி வந்தால் ஒலி இடப்பக்கம் மட்டும் போகும். ஓபிஎஸ்ஸின் ஒலிப் பண்புகளில் மோனோ என்பதைத் தட்டினால் இரு காதிலும் கேட்கும்.

உதடும் சத்தமும் பொருந்தவில்லை என்றால், எச்டிஎம்ஐ வழியாக வரும் படம் சற்றுப் பிந்துகிறது, நேராக வரும் ஒலி முந்துகிறது. கேமரா முன் ஒருவரைக் கை தட்டச் சொல்லிப் பதிவு செய்து, எத்தனை சட்டகம் பிந்துகிறது என்று எண்ணுங்கள். 25 சட்டக வேகத்தில் ஒரு சட்டகம் 40 மில்லி நொடி. அந்த அளவுக்கு ஒலியைத் தாமதப்படுத்தினால் போதும்.

சொற்பொழிவு, பஜனை, திருவிழாக் கச்சேரி போன்றவற்றுக்குப் படமே வேண்டாம் என்று சொல்கிற கோயில் கமிட்டிகளும் உண்டு. அவர்களுக்கு ஐஸ்காஸ்ட் என்ற ஒலி நேரலை சர்வர். 64 கிலோபிட்டில் மூன்று மணி நேரம் கேட்டாலும் ஒருவருக்கு 86 எம்பிதான். போர்ட் 8000. நிறுவியதும் 'ஹேக்மீ' என்று வைத்திருக்கும் கடவுச்சொற்களை மாற்றுவது முதல் வேலை. ஒரே நேரத்தில் கேட்போர் வரம்பு 100 என்று இருக்கும், தேவைக்கு ஏற்ப ஏற்றிக்கொள்ளுங்கள். நூற்றியோராவது ஆள் "என் போன்ல மட்டும் வரல" என்று புலம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த எண்தான்.

போன் வந்தால்

"தம்பி, லைவ் வரல" என்று போன் வந்ததும் லேப்டாப்பில் கை வைக்காதீர்கள். கேட்க வேண்டியது ஒன்றே: "உங்களுக்கு மட்டுமா, எல்லாருக்குமா?" ஒருவருக்கு மட்டும் என்றால் அவருடைய நெட், அவருடைய போன். வைஃபையை அணைத்து டேட்டாவில் பார்க்கச் சொல்லுங்கள். "படம் வருது, சத்தம் வரல" என்றால் அதுவும் பெரும்பாலும் அவர் பக்கம்தான். தானாக ஓடத் தொடங்கும் வீடியோவில் பிரவுசர்கள் ஒலியை முடக்கித்தான் தொடங்குகின்றன. படத்தின் மேல் தட்டி ஸ்பீக்கர் அடையாளத்தைத் திறக்கச் சொன்னால் சரியாகிவிடும். இந்த ஒரு வரியை வாட்ஸ்அப் இணைப்போடு சேர்த்தே அனுப்பிவிட்டால் பாதிப் போன்கள் வராது.

எல்லோருக்கும் நின்றுவிட்டது என்றால் மண்டபத்திலிருந்து சர்வர் நோக்கி வரிசையாகப் பாருங்கள். ஓபிஎஸ்ஸின் புள்ளிவிவரச் சாளரத்தில் மூன்று எண்கள் தனித்தனியாக இருக்கும். நெட்வொர்க்கால் விடுபட்ட சட்டகம் ஏறினால் சிம், டவர். குறியாக்கத் தாமதத்தால் விடுபட்டது ஏறினால் லேப்டாப்பின் திறன் போதவில்லை, பிரிசெட்டை வேகமானதாக மாற்றுங்கள். வரைவுத் தாமதம் ஏறினால் கிராஃபிக்ஸ் அட்டை திணறுகிறது, பூ உதிரும் அலங்காரங்களை எடுத்துவிடுங்கள். மூன்றையும் ஒன்றாக நினைத்துப் பிட்ரேட்டை மட்டும் குறைத்துக்கொண்டிருப்பவர்களே அதிகம்.

மூன்றும் சுத்தமாக இருந்தால் சர்வரில் எச்எல்எஸ் பட்டியல் கோப்பை நேராகப் பிரவுசரில் திறவுங்கள். அதில் துண்டுகளின் வரிசை எண் இருக்கும். சில நொடி விட்டு மறுபடி திறவுங்கள். எண் ஏறுகிறது என்றால் படம் சர்வர் வரை நலமாக வருகிறது, கோளாறு பார்க்கும் பக்கத்தில். சான்றிதழ் காலாவதியா, பக்கம் பூட்டுள்ள முகவரியிலும் படம் பூட்டில்லாத முகவரியிலும் இருக்கிறதா, பக்கமும் படமும் வேறு வேறு தளத்தில் இருந்து அனுமதி வரி விட்டுப்போனதா என்று பாருங்கள். பட்டியலைச் சிடிஎன் சேமித்து வைத்துப் பழையதையே கொடுத்தாலும் இப்படித்தான் ஆகும். துண்டுகளைச் சேமிக்கலாம், பட்டியலைச் சேமிக்க விடக்கூடாது. ஐபோனில் மட்டும் வரவில்லை, நீங்கள் வைத்திருப்பது மீடியாஎம்டிஎக்ஸ் என்றால், அதன் குறைந்த தாமத எச்எல்எஸ் முறைக்கு ஆப்பிள் கருவிகள் பூட்டுள்ள முகவரியைக் கட்டாயம் கேட்கும்.

எண் ஏறவில்லை என்றால் படம் உள்ளே வரவில்லை, அல்லது வந்தும் எழுத இடமில்லை. முதலில் வட்டைப் பாருங்கள். 2,500 கிலோபிட் பதிவு மணிக்கு 1.1 ஜிபிக்குமேல் விழுங்கும். 25 ஜிபி வட்டுள்ள சர்வரில் மூன்று நாள் திருவிழாவைப் பதிவும் செய்தால் இரண்டாம் நாள் ராத்திரி நிரம்பி, சாமி புறப்பாட்டில் நின்றுவிடும்.

இன்னொரு சிக்கல் விசித்திரமாக இருக்கும். நெட் ஒருமுறை அறுந்து மீண்டும் வந்தது, ஓபிஎஸ் மறுபடி இணைக்கப் பார்க்கிறது, சர்வர் விடமாட்டேன் என்கிறது. பழைய இணைப்பு செத்தது சர்வருக்குத் தெரியவில்லை. அந்தப் பெயரில் இன்னும் ஒருவர் அனுப்பிக்கொண்டிருப்பதாக நினைத்து உங்களைத் தள்ளுகிறது. சும்மா இருக்கும் அனுப்புநரைப் பத்து நொடியில் வெளியேற்று என்று அமைப்பில் ஒரு வரி சேர்த்தால் தீரும். என்ஜின்எக்ஸ் கூறில் அதற்கென்றே கட்டளை இருக்கிறது. அவசரத்துக்கு ஸ்ட்ரீம் கீயை மாற்றி அனுப்பலாம் என்று தோன்றும். அப்போது பார்ப்பவர்களின் இணைப்பும் மாறிவிடும், வேண்டாம்.

நெட் அடிக்கடி விட்டு விட்டு வரும் இடம் என்றால் ஆர்டிஎம்பியை விட்டு எஸ்ஆர்டிக்குப் போங்கள். ஹைவிஷன் நிறுவனம் 2017இல் திறந்துவிட்ட முறை. தொலைந்த பொட்டலத்தை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். செல்போன் நெட்டுக்கு அதன் தாமத அளவை 2,000 மில்லி நொடியாவது வையுங்கள். மீடியாஎம்டிஎக்ஸில் இதற்குப் போர்ட் 8890, அதுவும் யுடிபி. தீச்சுவரில் டிசிபி என்று திறந்துவைத்துவிட்டு இணைப்பு வரவில்லை என்று மணிக்கணக்கில் தேடுவது சகஜம்.

எதுவுமே கைகொடுக்காத நேரத்துக்கு, 800 கிலோபிட்டில் 480பி அனுப்பும் தனி அமைப்பு ஒன்றை ஓபிஎஸ்ஸில் முன்கூட்டியே சேமித்து வைத்திருங்கள். நிறுத்தி, மாற்றி, தொடங்க அரை நிமிடம் போதும். பிட்ரேட்டைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் வசதியும் ஓபிஎஸ்ஸில் உண்டு, தட்டிவிடுங்கள். கேமராவின் அட்டையில் முழுத் தரப் பதிவு ஓடிக்கொண்டே இருக்கட்டும். லைவ் விழுந்தாலும் கல்யாணம் உங்களிடம் இருக்கும்.

பந்தி முடிந்து மூட்டை கட்டும்போது சர்வரிலுள்ள பதிவை இறக்கிக்கொண்டு, அன்றைக்கே சர்வரைக் கலைத்துவிடுங்கள். அணைத்து வைத்தால் பல நிறுவனங்களில் வாடகை ஓடிக்கொண்டேதான் இருக்கும், அழித்தால்தான் நிற்கும். தொடர்ந்து வைத்திருப்பவர்கள் ஸ்ட்ரீம் கீயையாவது மாற்ற வேண்டும். மாப்பிள்ளையின் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, என் போன்லருந்து ஒரு ஆங்கிள் குடுக்கவா?" என்று வாங்கிப் போட்ட பழைய கீ இன்னும் அவன் போனில் இருக்கும்.